இடது கைக்கு ஒரு கேமரா

அலுவலகத்தில் அவளை எல்லோரும் விரிசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தில் இருக்கிற பழைய கட்டடங்கள், நடைபாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள் இவற்றில் எங்கே விரிசல் விட்டிருக்கிறது, அது மேல்பூச்சோடு நிற்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மணமக்களைப் பார்ப்பாள். பெயர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

ஒரு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறும்போது திருகு கழன்று விழுந்தாள். வலது தோள் தரையில் மோதியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் அறுந்துபோயிருந்தன. "இந்தக் கை இனி வேலைக்கு ஆகாது. வலி குறையும், அவ்வளவுதான்" என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கை ஒரு துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் போடுவது, தலை வாருவது, கையெழுத்துப் போடுவது என்று எல்லாவற்றையும் இடது கைக்குப் பழக்கினாள். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் அவளால் படிக்க முடிந்தது.

மறுபடி வேலைக்கு வரலாமா என்று கேட்கப் போனபோது தலைமைப் பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் விதி என்றால் விதிதான் அவருக்கு.

"ஏணி ஏற விட மாட்டேன். அதுல பேச்சே இல்ல" என்றார். "கீழ நின்னுக்கிட்டே மேல இருக்கற விரிசல தெளிவா படம் எடுக்க முடியும்னு காட்டுங்க. வெளி வேலை குடுக்கறேன். முடியலன்னா உள்ள உக்காந்து, மத்தவங்க எடுத்துட்டு வர்ற படத்தப் பாத்து அறிக்கை எழுதுங்க."

"மத்தவங்க எங்க பாக்கணுமோ அங்க பாக்க மாட்டாங்க சார்."

"தெரியும். அதான் இன்னும் அந்த அறிக்கை எழுதற நாற்காலில ஒங்கள உக்கார வைக்கல."

வீட்டு மாடியில் நின்று கைப்பேசியில் எதிர்க் கட்டடத்தின் உச்சியை எடுத்துப் பார்த்தாள். பெரிதாக்கினால் விரிசல் பாலாடை மாதிரி கலங்கிப் போயிற்று. தூரத்தில் இருப்பதை உண்மையாகவே கிட்டே இழுக்கிற லென்ஸ் வேண்டும். கேமராதான் வேண்டும். இதைச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கணவரிடம் சொன்னாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று வீட்டில் கவலைப்படுவார்கள். அன்றும் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரக் கடைசியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"நல்லதா கேட்டுத்தான் வாங்கினேன். தூரத்துல இருக்கறதெல்லாம் பக்கத்துல வருமாம்."

உள்ளே கறுப்பாக, கனமாக, நீண்ட லென்ஸோடு ஒரு கேமரா இருந்தது. அவள் அதை ஒற்றைக் கையால் தூக்கினாள். மணிக்கட்டு வளைந்தது. "நல்லா இருக்குங்க" என்றாள். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபின் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் அவர் வேலைக்குப் போனதும் அதை எடுத்து வைத்துப் போராடுவாள். படம் எடுக்கிற பொத்தான் வலது பக்கம், பெரிதாக்கும் நெம்புகோல் வலது பக்கம், இயக்கும் விசையும் வலது பக்கம். உலகத்தில் உள்ள கேமராக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு செய்ததுபோல் இருந்தது. இடது கையைக் குறுக்கே கொண்டுபோனால் விரல் லென்ஸை மறைத்தது. மோவாயில் முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். ஒருநாள் அது நழுவி விழ, நல்லவேளையாகக் கீழே தலையணை இருந்தது. அன்றோடு பெட்டியில் வைத்து மூடினாள்.

மாலையில் அவர், "எடுத்துப் பாத்தியா?" என்பார்.

"பாத்துட்டுத்தாங்க இருக்கேன்" என்பாள். அந்தக் கேமரா அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. அவள் அவருக்குப் பிடி கொடுக்காமல் பேசினாள்.

வெளி வேலைக்கு அவள் மறுபடி போவதில் அவருக்கு விருப்பமில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவள் விழுந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் பார்த்திருந்தாள். அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டு போய் வாங்கிவந்த பொருள் இது. இதைப் போய் எப்படி உதவாது என்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் அவள் பயிற்சியாளர். யாருடைய வண்டியில் ஏறினாலும், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவாள். அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கிப் பிரித்தாள்.

"அண்ணி, திரையில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்கக்கூட இன்னும் உரிக்கலையே. இதுல எத எடுத்துப் பாத்தீங்க?"

விரிசலக்கா குளியலறைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

நாத்தனார் ஒரு துண்டை எடுத்துத் தன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "குடுங்க, நான் பாக்கறேன்" என்று இடது கையில் கேமராவை வாங்கினாள். திருப்பினாள், சாய்த்தாள், முழங்காலில் வைத்தாள், பல்லால் வாரைக் கடித்தாள். கடைசியில் ஒரு படம் விழுந்தது. அவளுடைய கால் கட்டைவிரலின் படம்.

"கையும் ஓடல, காலும் ஓடலன்னு சொல்லுவாங்களே, அது இதான் போல" என்றாள்.

விரிசலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஏணியிலிருந்து விழுந்ததற்குப் பிறகு இப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் கட்டை அவிழ்த்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போவோம். மாத்திடலாம்."

"ஒங்க அண்ணன் மனசு கஷ்டப்படும். இதையே பழகிக்கறேன், விடு."

"இப்படி ஒத்தைக் கால்ல நிக்காதீங்க அண்ணி. ஏற்கெனவே ஒத்தைக் கை."

கடையின் பெயர் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டிலேயே இருந்தது. மறுநாள் இருவரும் போனார்கள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற கடைக்காரர் தூளியைப் பார்த்தார், நாத்தனாரிடம் திரும்பி, "அவங்களுக்கு என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டார்.

"அவங்களுக்குக் கைதான் வராது. காது நல்லா கேக்கும். அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள் நாத்தனார்.

கடைக்காரர் உண்மையாகவே வருந்தினார். "மன்னிச்சுக்கங்க மேடம். சொல்லுங்க" என்று விரிசலக்காவின் பக்கம் நகர்ந்து நின்றார். அவள் சொல்லச் சொல்ல, சின்னக் கேமராக்களாக எடுத்து அடுக்கினார்.

முதலாவது சட்டைப்பையில் போடலாம், அவ்வளவு மெலிது. ஆனால் குளியல் சோப்பு மாதிரி வழுக்கியது. இரண்டாவதில் திரையைத் தொட்டாலே படம் விழுந்தது. இடது கட்டைவிரலால் தொட வந்தது. சந்தோஷமாக இருந்தது, பெரிதாக்கப் போகும் வரைக்கும். அந்தச் சின்ன நெம்புகோல் வலது ஓரத்தில் இருந்தது. மூன்றாவதற்கு லென்ஸ் மூடி தனி. "இதக் கழட்ட ஒரு கை, கேமராவப் பிடிக்க ஒரு கை. எங்கிட்ட அதுக்கு ஆள் கெடையாது" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் கேமராவை நிறுத்திவைக்கும் முக்காலியும், தள்ளி நின்று இயக்கும் ரிமோட்டும் காட்டினார்.

"நடைபாதையில கூட்டத்துக்கு நடுவுல முக்காலிய விரிச்சு நிறுத்தறதுக்குள்ள பொழுது போயிடும். ரோட்டுல நின்னு எடுக்கற வேலைங்க."

நாத்தனார் பொறுமை இழந்தாள். "இடது கைக்காரங்களுக்குன்னு தனியா செய்ய மாட்டாங்களா?"

"இந்தக் கடைக்கு வந்ததில்லைங்க. நான் பாத்ததும் இல்ல."

அவ்வளவுதான், உள்ளே உட்கார்ந்து அறிக்கை எழுதவேண்டியதுதான் என்று விரிசலக்காவுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்த எண்ணத்தோடு, கடைசியாக மேசையில் இருந்ததை, கொஞ்சம் தடித்த, பிடிக்கும் இடத்தில் ரப்பர் ஒட்டிய ஒரு சின்னக் கேமராவை, வெறுமனே கையில் எடுத்தாள். ரப்பர் இருந்த பக்கம்தான் பிடிக்கச் சுகமாக இருந்தது. அது வலது கைக்கான பக்கம். இடது கையில் அந்தப் பக்கம் வரவேண்டுமென்றால் கேமரா தலைகீழாகத்தான் திரும்பவேண்டும். திரும்பியது. நாலு விரலும் ரப்பர்மேல் படிந்தன. கட்டைவிரல் அடியில் போய் நின்றது. அங்கே பொத்தான் இருந்தது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு கட்டைவிரலால் இயக்கும் விசையைத் தடவித் தேடி அமுக்கினாள். லென்ஸ் தானாகத் திறந்து வெளியே வந்தது. பொத்தானைச் சுற்றியிருந்த நெம்புகோலைத் தள்ளினாள். தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த மருந்துக்கடைப் பலகை கிட்டே வந்தது. இன்னும் தள்ளினாள். பலகையில் பெயிண்ட் உரிந்திருந்த இடம் தெரிந்தது. திரையில் காட்சி நேராகத்தான் இருந்தது, ஓரத்திலிருந்த எழுத்துகள் மட்டும் தலைகீழாக நின்றன. அமுக்கினாள்.

"அண்ணி, தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றாள் நாத்தனார்.

"தெரியும். இப்படித்தான் பிடிக்கணும்."

கடைக்காரர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "படம் தலைகீழா விழும் மேடம்."

"கம்ப்யூட்டர்ல திருப்பிக்கலாம் இல்ல?"

"அது... அது ஒரு வேலையே இல்ல. இடது கையால செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதன்பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. மணிக்கட்டு வாரை மாட்டச் சொன்னாள். வார் மாட்டும் துளை சரியாக அவள் மணிக்கட்டின் பக்கமே வந்திருந்தது. கை நழுவினாலும் கேமரா தொங்கும், விழாது. மேசைமேல் வைத்துச் சார்ஜ் கம்பியைச் செருகிப் பார்த்தாள், வந்தது. மெமரி கார்டு இருக்கும் கதவு அடம் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு நகத்தால் நெம்பினாள். திறந்தது. அதை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைக்காரர் தடுக்கலாமா என்று யோசிக்கிற வரைக்கும் செய்தாள்.

"பழசக் குடுத்துட்டு இத எடுத்துக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல. பில் மட்டும் வேணும்" என்றார் கடைக்காரர்.

பில் கணவரிடம் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் கைப்பேசியை நீட்டினாள். "நீங்களே பேசுங்க. நான் பேசினா சண்டையாயிடும்."

"ஏங்க, நான் கேமரா கடையில இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். அடுத்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அங்கேயே இரு, வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு வந்தார். ஒன்றும் கேட்காமல் பணப்பையைத் திறந்து, நாலாக மடித்த பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத ஏன் பையிலயே வச்சிருக்கீங்க?" என்றாள் அவள்.

"நீ சொன்னதும் மாத்தலாம்னுதான்." கொஞ்சம் நின்று, தன் கணக்கில் மிக நீளமான பேச்சு ஒன்றைப் பேசினார். "மொத நாளே ஒன் மணிக்கட்டு வளையறதப் பாத்தேன். வாங்கறப்ப யோசிக்கல, தப்பு என்னோடதுதான். நானா வேணாம்னு சொன்னா, வேலைக்கே போக வேணாம்னு சொல்றதா நெனச்சிடுவியோன்னு பயம். அதான் நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் சொன்னா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு இருந்தேன்."

"ரெண்டு பேரும் இப்படி வண்டிய நடுரோட்டுல நிறுத்திட்டு நீ போ, நீ போன்னு சொல்லிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள் நாத்தனார்.

வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது விரிசலக்காவுக்கு. அவள் புதுக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அவரை ஒரு படம் எடுத்தாள். அவர் கிரீஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தலைமைப் பொறியாளர் அவளை நகர நூலகத்துக்குக் கூட்டிப்போனார். வாசல் பக்கம் மேலிருந்து பொடி உதிர்கிறது என்று நூலகர் சொல்லியிருந்தார். உச்சி மாடியில் சுவரிலிருந்து ஒரு கான்கிரீட் விளிம்பு வெளியே நீண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மாணவர்கள் சைக்கிள் நிறுத்துவார்கள்.

"எடுங்க பாப்போம்" என்று அவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

காற்று அடித்தது. முதலில் எடுத்தவை எல்லாம் ஆடிப்போயிருந்தன. அவ்வளவு தூரம் இழுக்கும்போது, கட்டைவிரல் அமுக்குகிற அசைவே போதும், படம் கலங்கிவிடும். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் காது சூடானது. விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அமுக்கி இரண்டு நொடி கழித்துப் படம் விழும்படி கேமராவில் ஒரு வசதி இருந்தது, அதை வைத்தாள். அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கம்பம், முதுகு, கை எல்லாம் ஒரே பொருளாக நின்றன. படம் விழுந்தது. விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி நகர்த்தி நகர்த்தி எடுத்தாள்.

அலுவலகத்தில் பெரிய திரையில் படங்கள் வந்தன. தலைமைப் பொறியாளர் தலையைச் சாய்த்தார், பின்னால் நின்றவர்களும் சாய்த்தார்கள். அவள் மவுஸை ஒரு தட்டுத் தட்டிப் படத்தை நேராக்கினாள். எல்லோரும் கழுத்தை நிமிர்த்தினார்கள். விளிம்பின் அடியில் நூல் மாதிரி ஒரு கோடு நீளவாக்கில் ஓடியது. அதன் ஓரத்தில் தேநீர் வழிந்ததுபோல் பழுப்புக் கறை.

"இது பூச்சு விரிசல் இல்ல சார். பூச்சுன்னா இப்படி நேரா போகாது. உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பி, கான்கிரீட்ட வெளிய தள்ளுது."

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "நிச்சயமா?"

"தட்டிப் பாக்காம நிச்சயம்னு சொல்ல முடியாது. ஆனா அதுவரைக்கும் யாரும் அதுக்குக் கீழ நிக்கக் கூடாது."

அன்று மாலையே முன்வாசல் கயிறு கட்டி மூடப்பட்டது. பரீட்சை நேரத்தில் மாணவர்களைப் பின்வாசல் வழியாகச் சுற்றி வரச் செய்வதா என்று நூலகர் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. வெறும் பூச்சாக இருந்துவிட்டால்? தன் கேமராவை நிரூபிக்க ஊரையே சுற்றவிட்டாள் என்று சொல்ல மாட்டார்களா?

கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குச் சந்தேகம் வந்தா லிஃப்ட நிறுத்திடுவேன்" என்றார். "அப்பறம் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா திட்டுவாங்க. திட்டிட்டு மாடிப்படில ஏறிப் போவாங்க. போகட்டும்."

மறுநாள் உயரத் தூக்கும் வண்டியில் இரண்டு தொழிலாளர்கள் மேலே போனார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தலைமைப் பொறியாளர், நூலகர், அவள், வேடிக்கை பார்க்கிற சில மாணவர்கள். மேலே இருந்தவர்களில் ஒருவர் சுத்தியலால் ஒரு முனையில் தட்டினார். கெட்டியான சத்தம் வந்தது. நூலகர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே வந்தார்கள். நடுப்பகுதிக்கு வந்ததும் சத்தம் மாறியது, காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. இன்னொரு தட்டு. ஒரு கதவளவு கான்கிரீட் பெயர்ந்து, காலியாகக் கிடந்த சைக்கிள் நிறுத்தத்தில் வந்து விழுந்து சிதறியது.

புழுதி மெல்ல அடங்கியது. மேலே துருவேறிச் செதில் செதிலாக உரிந்த கம்பிகள் வெளியே தெரிந்தன. அடியில் ஒரு சைக்கிள்கூட இல்லை, ஒரு ஆள்கூட இல்லை. நூலகர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே ஓடிப்போய் அவளுக்குத்தான் முதலில் தண்ணீர் கொண்டுவந்தார்.

சொன்னது சரியாகிவிட்டது என்ற பெருமை எதுவும் அவளுக்கு வரவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். நேற்று இந்நேரம் அங்கே எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று மனம் போனது, அதை அங்கேயே நிறுத்தினாள். இன்று யாரும் நிற்கவில்லை. அது போதும். நெஞ்சில் ரொம்ப நாளாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல் மூச்சு நீளமாக வந்தது.

தலைமைப் பொறியாளரும் பக்கத்தில் குந்தினார். "திங்கக்கிழமையிலிருந்து வெளி வேலைக்கு வாங்க. ஏணிய மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன் சார்."

கணவருக்குப் போன் செய்தாள். விளிம்பு பெயர்ந்து விழுந்ததைச் சொன்னாள், யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னாள், வேலை கிடைத்ததைச் சொன்னாள். மறுமுனையில் லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது.

"நீ எங்க நின்ன?" என்றார்.

"கயித்துக்கு இந்தப் பக்கம். தூரத்துல."

"சரி. சாப்ட்டியா?"

"இனிமேத்தான்."

மேலே தொழிலாளர்கள் மீதி விளிம்பைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். வெளியே வந்த கம்பிகளை வெயில் இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும், நிழல் விழுந்தால் துருவின் ஆழம் தெரியாது. அவள் எழுந்து உடுப்பில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு, வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நல்ல இடம் பார்த்து நடந்தாள்.